ஒரு பிடி கூடுதல்

கோழித் தீவன மூட்டைக்கு மருந்துப் பொடியை இரண்டு கிண்ணம் அளந்து போட்ட பிறகு, இன்னும் ஒரு பிடி அள்ளித் தூவுவது அவருக்குப் பதினெட்டு வருடப் பழக்கம். "கொசுறு" என்பார். நோய் வந்த கோழிக்கும் அதே பொடி, வராத கோழிக்கும் அதே பொடி. பண்ணையில் அவர் பெயரே 'கலவை' என்றாகிவிட்டது.

போன வருடம் கூண்டுக் கம்பி அவர் கட்டைவிரலைக் கிழித்தது. கடையில் சொல்லி வாங்கிய மாத்திரைக்கு வீக்கம் அடங்கவில்லை, மணிக்கட்டைத் தாண்டியது. ஆஸ்பத்திரியில் மூன்று ஊசி மருந்தை மாற்றி மாற்றிப் போட்டும் புண் ஆறவில்லை. சீழைப் பரிசோதித்த தாளோடு டாக்டரம்மா வந்து, என்ன வேலை என்று கேட்டார். பொடியைப் பற்றியும் சொன்னார் கலவை.

"தினமும் கொஞ்சம் கொஞ்சமா மருந்து போட்டா, பலவீனமான கிருமி செத்துடும். தாக்குப்பிடிச்சது பெருகும். அதுதான் இப்ப உங்க கையில இருக்கு."

துணைக்கு உட்கார்ந்திருந்த மனைவியின் தம்பி சிரித்தான். பக்கத்துப் பண்ணையில் அவனும் கலவைக்காரன். தொழில் கற்றுக்கொடுத்தது இவர்தான்.

"இந்தம்மா எத்தனை கோழி வளர்த்திருப்பாங்க? மாமா சொல்லட்டும், நாளைக்கே நிறுத்திடறேன்."

டாக்டரம்மா இவரைப் பார்த்தார். "நான் சொல்லிடறேம்மா" என்றார் கலவை, சுவரைப் பார்த்தபடி.

கடைசியில் ஒரு மருந்து வேலை செய்தது. கை தப்பியது; கட்டைவிரலில் பாதி போயிற்று.

வேலைக்குத் திரும்பியதும், ஒரு கொட்டகையையாவது பொடியில்லாமல் விட்டுப் பார்க்கலாமே என்றார்.

"கோழி செத்தா நீயா முட்டை போடுவே?" என்றார் முதலாளி. ஆனாலும் ஒரு கொட்டகைக்குச் சம்மதித்தார்.

அந்தக் கொட்டகையில் கலவை நெரிசலைக் குறைத்தார். ஈரத் தரையைத் தினமும் காயவைத்தார். வாசலில் சுண்ணாம்புத் தொட்டி வைத்தார். அதை மிதிக்காமல் யாரும் உள்ளே வரக் கூடாது. தடுப்பூசி நாள் தவறவில்லை. கால்நடை டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் மருந்து. சில கோழிகள் செத்தன. முதலாளி பயந்த அளவுக்கு இல்லை. வேலைதான் இரட்டித்தது. இடுப்பு ஒடிந்து வீடு திரும்பினால் சாப்பிடக்கூடத் தெம்பு இருக்காது.

மச்சினனைப் பார்க்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனார். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் தடவை மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். அடுத்த தடவை, புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கு அவன் பொடியின் அளவு காட்டிக்கொண்டிருந்தான்.

"இவர்தான் என் குரு" என்றான்.

பதினெட்டு வருடமும் தப்பு என்று அந்தப் பெண்கள் முன்னால் எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. டாக்டரம்மாவிடம் கொடுத்த வாக்கு அப்படியே கிடக்கிறது.