மடங்காத இரண்டு விரல்கள்

கடைத்தெருவில் அவரை எல்லோரும் ‘வெண்ணெய்க்கத்தி’ என்றுதான் கூப்பிட்டார்கள். கறிக்கடைக்காரர். மற்ற கடைகளில் ஆட்டுத்தொடையைக் கட்டையில் போட்டு வெட்டும் சத்தம் தெருமுனைவரை கேட்கும். இவர் ஓங்கி வெட்டியதே கிடையாது. இடுப்புக் குழிக்குள் உருண்டையாக உட்கார்ந்திருக்கும் தொடை எலும்பின் தலையைத் தேடி, அதைச் சுற்றியிருக்கும் ஜவ்வைக் கத்தி நுனியால் கீறிவிட்டு, காலை லேசாகத் திருப்புவார். எலும்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

ஒரு மழைநாள் காலையில், வாடிக்கையாக வரும் ஒரு அம்மா, “எலும்பு இல்லாம குடுங்கண்ணே. எங்க வீட்டுக்காரரு வாயில இப்ப நாக்கு மட்டுந்தான் இருக்கு” என்றார். கடைக்காரர் குலுங்கிச் சிரித்தார். ஈரக் கத்தி வழுக்கி இடது உள்ளங்கையில் இறங்கியது. பெரிதாக ரத்தம் இல்லை. துணியைச் சுற்றிக்கொண்டு, மனைவி கட்டிவைத்த பொட்டலத்தை இடது கையால் எடுத்தார். பொட்டலம் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கவில்லை.

எலும்பு டாக்டரம்மா கையைத் திருப்பிப் பார்த்தார். “மடக்குங்க.”

“மடக்கிக்கிட்டுத்தாம்மா இருக்கேன்.”

முன்கைச் சதை அசைந்தது. விரல்கள் குச்சிபோல் நீட்டிக்கொண்டிருந்தன.

“நரம்பு அறுந்துபோச்சா?”

“நரம்பு தப்பிச்சிடுச்சு. தொட்டா தெரியுதுல்ல? அறுந்தது தசைநாண். விரலை மடக்குற தசை விரல்ல இல்லைங்க, முன்கையில இருக்கு. அது சுருங்கி, இந்த நாணைக் கயிறு மாதிரி இழுத்தாத்தான் விரல் மடங்கும். இப்போ கயிறு அறுந்து மேல ஏறிக்கிச்சு.”

வெள்ளையாக, பளபளப்பாக, கத்திக்கு அடங்காத அந்த நார்த்துண்டை அவர் தினமும் பார்த்தவர்தான். “அதையா சொல்றீங்க? அதை நாங்க நாய்க்குல்ல போடுவோம்” என்றார். பக்கத்தில் நின்ற மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கையைத் திறந்து நாண்களைத் தைத்தார்கள். கட்டுப் போட்டு அனுப்பும்போது டாக்டரம்மா அழுத்திச் சொன்னார்: “நான் சொல்ற வரைக்கும் எதையும் பிடிக்கக் கூடாது. ஒரு டம்ளரைக்கூட. தையல் பிரிஞ்சா நான் பொறுப்பில்ல.”

அதுவரை பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த மனைவி கத்தியை எடுத்தாள். அவர் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து வழி சொன்னார்.

“இன்னும் கொஞ்சம் உள்ள. எலும்புல இடிக்குது பாரு, அங்க இல்ல.”

“எனக்குக் கண்ணு கத்தி நுனியிலயா இருக்கு? சும்மா இருங்க.”

அவளுக்கு மூட்டு அகப்படவில்லை. ஓங்கி வெட்டினாள். எலும்பு சில்லுசில்லாகத் தெறித்தது. ஒரு வாடிக்கையாளர் கறியைத் திருப்பிக்கொண்டுவந்து, எல்லோர் முன்னாலும் கட்டையில் கொட்டினார். “இது கறியா, கண்ணாடித் துண்டா?”

அவள் அவசர அவசரமாக அடுத்த தொடையை எடுத்து வெட்டத் தொடங்கினாள். தொடை வழுக்கிக் கத்திப்பக்கம் அவள் கையை இழுத்தது. அவர் யோசிக்கவே இல்லை. எட்டி, இடது கையால் தொடையை இறுக்கிப் பிடித்தார். உள்ளங்கைக்குள் ‘டொப்’ என்று ஏதோ விட்டது.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. நீ வெட்டு.”

கட்டு இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மறுபடி டாக்டரிடம் போகும் நாள்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டரம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

“அன்னைக்கே வந்திருந்தா தைச்சிருக்கலாம். இப்ப தசை சுருங்கி, நாணை ரொம்ப தூரம் இழுத்துக்கிச்சு. வேற இடத்துலேர்ந்து நாண் எடுத்து வைக்கணும். ரெண்டு ஆபரேஷன். அப்பவும் பழைய பிடி வரும்னு சொல்ல முடியாது.”

“போதும்மா” என்றார்.

வெளியே படியில் மனைவி அவரை நிறுத்தினாள். “ஏங்க மறைச்சீங்க?”

“ஒனக்காகப் பிடிச்சேன்னு தெரிஞ்சா, நீ அப்புறம் கத்தியைத் தொடவே மாட்டே.”



ஒருமுறை, அவள் பிடிக்க அவர் வெட்டுவது என்று முயன்றார்கள். வலது கைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் விரல்களுக்குப் பக்கத்தில் கத்தி வந்ததும் அவர் கை நின்றுவிட்டது. கத்தியை வைத்துவிட்டு, கை கழுவப்போனார்.

பிறகு அவளே வெட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக அவர் கடைக்கு வருவது குறைந்தது. கேட்டால், “அங்க எனக்கென்ன வேலை?” என்பார். இழுக்க எதுவும் இல்லாத தசை வற்றி, இடது முன்கை பள்ளம் விழுந்திருந்தது. யாராவது வந்தால் சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொள்வார்.

நாளெல்லாம் கத்தி பிடித்துப் பிடித்து அவளுக்குத் தோள்பட்டை கல்லாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் தரையில் உட்கார்ந்து முதுகைக் காட்டுவாள். அவர் வலது கட்டைவிரலால் கழுத்தடியிலிருந்து தடவிக்கொண்டே வருவார்.

“இங்கயா?”

“இன்னும் கொஞ்சம் கீழ.”

அதற்குமேல் அந்த வீட்டில் அதிகம் பேச்சு இருக்காது.