ரேடியேட்டர் ஊதிய பலூன்

என் பழைய டீசல் லோரி தினமும் தண்ணீர் குடித்தது. தரையிலோ ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஜெலுத்தோங் வட்டாரத்தில் லோரி பழுது பார்க்கும் பட்டறை அண்ணன் ரேடியேட்டர் மூடியை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தார். "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், அண்ணே" என்றால், "நீ லோரிய ஓட்டு தம்பி, போதும்லா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகளின் பிறந்தநாளுக்கு வாங்கியதில் மிஞ்சிய சிவப்புப் பலூனைப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். மிஞ்சிய தண்ணீர் வழியும் சிறு குழாயைத் துணியால் அடைத்து, ஆறிக் கிடந்த ரேடியேட்டரின் வாயில் பலூனை மாட்டி, எஞ்சினை முடுக்கினேன். எஞ்சினுக்குள் தண்ணீரையும் புகையையும் பிரித்து வைக்கும் அந்தக் கேஸ்கெட் தகடு கிழிந்திருந்தால், எஞ்சின் புகை தண்ணீருக்குள் புகுந்து பலூனை ஊதும்.

ஊதியது. பூசணிக்காய் அளவுக்கு ஊதியது. நான் கைதட்டிக் குதித்தேன், பட்டறையே சிரித்தது.

"நீ சொன்னதுதான் சரி தம்பி. எஞ்சினப் பிரிக்கணும், ரெண்டு வாரம் லோரி இங்கதான்" என்றார் அண்ணன்.

அது என் லோரி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.