நாலாவது படித்த அத்தை

எங்கள் அத்தையின் படிப்பைக் குறைத்துவிட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் கூடி முடிவு செய்தபோது எனக்கு ஏழு வயது. படிப்பைக் கூட்டிச் சொல்கிறவர்களைப் பிற்காலத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். குறைத்துச் சொன்னது, எனக்குத் தெரிந்து, எங்கள் குடும்பம் ஒன்றுதான்.

அப்போது ஜொகூர் பாருவில் தமிழர்களின் படிப்பை விரல் விட்டு எண்ணிவிடலாம். இங்கிலீஷில் நாலாவது, ஐந்தாவது வரை எட்டியவர்கள் ஆபீசிலோ ரப்பர் தோட்டத்திலோ கணக்கெழுதும் கிராணிகள் ஆனார்கள். ஏழாவது முடித்தவர் எதிரே வந்தால் மற்றவர்கள் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். பள்ளியின் கடைசிப் பரீட்சையான சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸானவர்கள் மூன்று நாலு பேர் இருந்தால் அதிகம். அதில் ஒருவர் அப்பாவின் தங்கையான எங்கள் அத்தை. அப்பா ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் எடை போடுகிறவர். தான் நாலாவதோடு நின்றுகொண்டு, தாயில்லாத தங்கையைச் சிங்கப்பூரில் கன்னியாஸ்திரிகளிடம் விட்டுப் படிக்க வைத்தார். அவர் படித்து முடித்து வந்த பிறகுதான், இவளைவிடப் படித்த மாப்பிள்ளைக்கு எங்கே போவது என்ற கவலை அப்பாவைப் பிடித்துக்கொண்டது.

கவலையில் நியாயம் இருந்தது. சீனியர் கேம்பிரிட்ஜ் என்று கேட்டதுமே இரண்டு இடத்துக்காரர்கள் திரும்பி வரவில்லை. மூன்றாவதாக ரெங்கத்திலிருந்து ஒரு தோட்டத்துக் கிராணியின் சம்பந்தத்தைக் மாதா கோயில் உபதேசியார் கொண்டுவந்தார். மாப்பிள்ளை ஐந்தாவது. பெண் நாலாவது என்று சொல்லிவிடலாம், கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும் என்று வழி சொன்னவரும் அவரே. பொய் சொல்லாதே என்று ஞாயிறுதோறும் எங்களுக்குப் பாடம் நடத்துகிறவரும் அவர்தான். தன் படிப்பே தங்கைக்குத் தாராளமாகப் போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். அத்தைக்கு இருபத்து நாலு வயது நடந்துகொண்டிருந்தது. அவர் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த சர்டிபிகேட்டைத் தானே கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். யார் கேட்டாலும் நாலாவது என்றே சொல்ல வேண்டும் என்று அம்மா எனக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரத்துக்கு மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். சிங்கப்பூரில் அவர்களுடைய மகளுக்கு அது பிரசவ மாதம். வழியில் இறங்கிப் பெண்ணைப் பார்த்துவிட்டு, மாலை ரயிலில் மகளிடம் போவதாக ஏற்பாடு. ஏதாவது அவசரமென்றால் சேதி அனுப்புவதற்கு எங்கள் வீட்டு விலாசத்தை மருமகனுக்குக் கொடுத்திருந்தார்கள்.

மாப்பிள்ளைக்குச் சிரித்த முகம். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவர்கள் துரையின் நாய்க்கு இங்கிலீஷைவிடத் தமிழ்தான் நன்றாகப் புரியும் என்று ரகசியம் சொன்னார். அத்தை காப்பி கொண்டுவந்தபோது ஒரு தரம் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அவரும் பார்த்தார். உள்ளே போனதும் அத்தை அம்மாவிடம், "சரின்னு சொல்லிடுங்க அண்ணி" என்றார். வெளியே மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணின் தலையில் வைப்பதற்காகக் கொண்டுவந்த பூவை அப்போதே பையிலிருந்து எடுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் தந்தியோடு வந்தார். ஜொகூரில் அரசாங்கத்துக்கு வெள்ளிக்கிழமைதான் ஓய்வு, ஞாயிறு வேலை நாள். தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று நினைக்கும் காலம் அது. மாப்பிள்ளை பிரித்து, வார்த்தை வார்த்தையாக எழுத்துக் கூட்டிப் படித்தார். சன், பார்ன், மதர், அவுட். அங்கே அவர் முகம் மாறிவிட்டது.

"புள்ள பொறந்திருக்கு. அக்கா..." என்று நிறுத்தினார். "மதர் அவுட்னு போட்டிருக்கு."

அவுட் என்றால் என்ன என்பது இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கும் தெரியும். விளக்கு அவுட், வேலை அவுட், ஆள் அவுட். அப்பா வாங்கிப் பார்த்தார். பார்சல் சீட்டுகளில் அந்த வாசகம் வருவதில்லை, அவருக்கும் அப்படித்தான் பட்டது. மாப்பிள்ளையின் அம்மா தரையில் விழுந்து கதறினார். பூ ஒரு பக்கம் சிதறியது. அப்பாவின் கையிலிருந்த காகிதம் கீழே நழுவியது.

அக்கம்பக்கத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் வாங்கிக்கொண்டு போய் அத்தையிடம் கொடுப்பது என் வேலை. அந்தப் பழக்கத்தில் தந்தியையும் எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினேன். யாரும் என்னை அனுப்பவில்லை. அத்தை ஒரு தரம் படித்தார். புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். அம்மா அவர் கையைப் பிடித்து, "நீ போவாத. ஒங்கண்ணன உள்ள கூப்பிடறேன், அவர்கிட்டச் சொல்லு, அவரு சொல்லட்டும்" என்றார்.

"அதுவரைக்கும் அந்தம்மா அழுதுகிட்டே இருக்கணுமா அண்ணி?" என்று கேட்டுவிட்டு அத்தை கூடத்துக்குப் போனார்.

"அழாதீங்கம்மா. ஒங்க மக நல்லா இருக்காங்க. ஆம்பளப் புள்ள. அவுட் ஆஃப் டேஞ்சர்னா, ஆபத்துலேருந்து வெளிய வந்துட்டாங்கன்னு அர்த்தம்" என்றார். பிறகு முழுத் தந்தியையும் இங்கிலீஷில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம் படித்துக் காட்டினார்.

அந்த அம்மாள் எழுந்து அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கன்னியாஸ்திரிகளிடம் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கேட்ட பழக்கத்திலேயே இதெல்லாம் வரும் என்று உபதேசியார் ஏதோ சொல்லிப் பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பா அவரை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அத்த எத்தனாவது படிச்சிருக்கு பாப்பா?"

அம்மா சொன்னதையும் மீறக் கூடாது, பொய் சொல்லி நரகத்துக்கும் போகக் கூடாது. நான் நன்றாக யோசித்து, "நாலாவது படிச்சாங்க. அதுக்கப்புறமும் படிச்சாங்க" என்றேன்.

பெரியவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மாப்பிள்ளைதான் சிரிக்கவில்லை.

மறுவாரம் உபதேசியார் பதில் கொண்டுவந்தார். அவர்களுக்குக் கோபம் ஒன்றும் இல்லையாம். பெரியவர்களுக்குச் சம்மதம்தானாம். அந்தப் பெண் முன்னால் இனி ஒரு காகிதத்தைக்கூடப் பிரிக்கத் தன்னால் முடியாது என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டாராம்.

அவர்கள் நன்றி மறக்காதவர்கள். கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் அந்த அம்மாள் பேரனை அழைத்து வந்து அத்தை கையால் பலகாரம் ஊட்டச் சொல்வார். நான் பட்ட கடனோ அதைவிடப் பெரியது. அத்தை கன்னியாஸ்திரிகள் பள்ளியிலேயே ஆசிரியையாகி, என் காதைப் பிடித்து இழுக்காத குறையாக என்னையும் சீனியர் கேம்பிரிட்ஜ் வரை இழுத்துக்கொண்டு போனார். நான் வாசிக்கும் ஒவ்வொரு வரியிலும் அவர் இருக்கிறார். அவரை எனக்குக் கொடுத்ததற்காக நான் இன்றும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். சொல்லும்போதே கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும்.

ஏனென்றால், உபதேசியார் வந்துபோன அன்று மாலை நான் வீட்டைச் சுற்றிச் சுற்றிக் குதித்தேன். அத்தை ரெங்கத்துக்குப் போகப் போவதில்லை, எங்களோடேயே இருப்பார், இனி என் பக்கத்தில்தான் படுத்துக்கொள்வார். அடுக்களையில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். கன்னம் ஈரமாக இருந்தது.

"சந்தோஷமா அத்த?" என்று கேட்டேன்.

"ஆமாடா கண்ணு, ரொம்ப" என்றார்.

நானும் நம்பிவிட்டேன்.