மட்டையால் மறைத்த பெயர்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் தேநீர்க் கோப்பையோடு எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிற ஆள் நான். நீங்களும் இப்போது எழுந்து போகலாம், குறை நினைக்க மாட்டேன். ஆனால் இது நடந்தது, ஜெர்மனியில், ஹனோவரில், பட்டப்பகல் இரண்டு மணிக்கு, நான் வேலை செய்கிற படச்சட்டக் கடையில்.

அலன் என்கிற ஸ்கொட்லாந்துக்காரர் தன் வம்சாவளியைச் சட்டம் போடக் கொண்டுவந்திருந்தார். மேசை நீளத்துக்கு ஒரு தாள், இருபது தலைமுறை. ஒரு குலத்தின் தலைவர் குடும்பமாம். முன்னோர் ஒருவர் அரசனுக்கு எதிராகச் சண்டைக்குப் போய்த் தோற்றதில் பட்டம், நிலம், கோட்டை எல்லாம் பறிபோய், பேரன் காலத்தில் அரசே பட்டத்தைத் திருப்பிக் கொடுத்ததாம், இப்போது அலனின் அண்ணன்தான் தலைவராம். அதை அவர் பெருமையாகக்கூடச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். அதில்தான் எனக்கு வயிறு எரிந்தது.

நாங்களும் தோற்ற பக்கத்து ஆட்கள்தானே. யாழ்ப்பாணத்தில் வீடு எரிந்தபோது காணி உறுதிப் பத்திரம், சாதகம், அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் சேர்ந்து எரிந்தன. எங்களுக்கு யார் எதைத் திருப்பித் தந்தார்கள்?

சொல்ல வெட்கமாக இருக்கிறது. கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில், தாள் தெரிய நடுவில் சன்னல்போல வெட்டி வைக்கிற மட்டையை, வேண்டுமென்றே, ஓர் ஓரத்தில் ஒரு விரல் அகலம் கூடவிட்டு வெட்டினேன். அந்த ஓரத்தில்தான் பட்டத்தைப் பறிகொடுத்தவரின் பெயர் இருந்தது. மட்டையை வைத்தேன், பெயர் மறைந்தது. இருபதில் ஒன்று குறைந்தால் என்ன? நெஞ்சுக்கு இதமாக இருந்தது, நம்புங்கள்.

"தம்பி, ஒராளின்ர பேரை மறைக்கலாமோ?"

நிமிர்ந்தால் எதிரில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். செம்பட்டைத் தாடி, மேலெல்லாம் நனைந்த பழங்காலக் கோட்டு. வெளியே நல்ல வெயில். கேட்டது சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ்.

"ஆர் நீங்கள்?" என்றேன்.

"அதை எடுத்துவிடு மோனை," என்றார், கோபமே இல்லாமல்.

குனிந்து மட்டையைத் தூக்கிவிட்டு நிமிர்ந்தேன், ஆள் இல்லை. கதவு திறந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. வேறு மட்டை எடுத்து, ஒழுங்காக அளந்து வெட்டினேன்.

அப்போதுதான் என் மனைவி தவமணி சாப்பாட்டுப் பையோடு உள்ளே வந்தாள்.

"இஞ்சருங்கோ, ஆர் அந்த வெள்ளைக்காரக் கிழவர்? வாசல்ல நிண்டு எங்கட ஆக்கள் மாதிரியே கதைக்கிறார்."

"என்ன கதைச்சவர்?"

"வேலாயுதத்தின்ர மோன் சின்னத்தம்பி, சின்னத்தம்பியின்ர மோன் கந்தவனம், கந்தவனத்தின்ர மோன்தானே உள்ள நிக்கிறது எண்டு கேட்டவர். மாமாவின்ர பேர் சரிதானே, நான் ஓம் எண்டிட்டன்."

அடுத்த நாள் அலன் வந்து படத்தை வாங்கிக்கொண்டு போனார். பொறாமை போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்லவும் மாட்டேன், அவருக்கு இருபது பெயரும் அத்தாட்சியோடு இருக்கின்றன. கந்தவனம் என் அப்பா. சின்னத்தம்பி அப்பாவின் அப்பா. வேலாயுதம் என்கிற பெயரை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அது சரியா பிழையா என்று கேட்க, உயிரோடு இருக்கிற ஒருவரும் எனக்கு இல்லை.