டயருக்கு ஒரு கல்

கிளட்ச் தீயும் வாடை வந்தது. நான் ஓட்டப் பழகும் கார், சங்கரன்கோவில் ரயில்வே கேட் மேட்டில் ஏற முடியாமல் அணைந்துபோனது. பக்கத்தில் கணவர், பின்சீட்டில் அம்மா.

பல வருஷங்களுக்கு முன்பும் இதே மேடு, இதே வாடை. அன்று ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் அம்மா. பக்கத்தில் அப்பா, பின்சீட்டில் சின்னப் பிள்ளையாக நான். அம்பாசடர் இருமி அணைந்தது. பின்னால் திருவேங்கடம் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அம்மா பிரேக்கை மிதிக்க மிதிக்கச் செருப்பு வழுக்கியது. கார் பின்னோக்கி நழுவியது.

“ஏட்டி, எறங்கி டயருக்குக் கல்லு வையி!” என்று அம்மா என்னைப் பார்த்துக் கத்தினாள்.

குதித்து இறங்கினேன். ரோட்டோரக் கல்லை இரண்டு கையாலும் தூக்கிவந்து பின்டயருக்கு அடியில் திணித்தேன். பஸ்ஸின் சூடு என் முதுகில் அடித்தது. கார் நின்றது.

“நின்னுட்டுல்லா, இப்ப எடுத்துருவேன்,” என்றாள் அம்மா.

“எடுத்துக் கிழிச்ச. எறங்கு!” என்று அப்பா சாவியை உருவினார். அதன்பின் அது அவர் சட்டைப்பையை விட்டு அம்மா கைக்கு வரவேயில்லை. அவளும் கேட்கவில்லை.

இப்போது என் கார் நழுவத் தொடங்கியது. பின்னால் லாரி.

“நீ எறங்கு, நான் எடுக்கேன்,” என்று கணவர் சாவிக்குக் கை நீட்டினார்.

பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். எழுபது வயது அம்மா டயர் பக்கம் குனிந்திருந்தாள். கார் நின்றது. அவள் வந்து என் ஜன்னலைத் தட்டினாள்.

“கல்லு வச்சிட்டேன்ட்டி. சாவியக் குடுக்காத. நீயே எடு.”