வாளியின் மேல் இரண்டு நத்தைகள்

கை அறிந்தது என்று சொல்கிறோமே, அதில் அறிவு எவ்வளவு, வெறும் பழக்கம் எவ்வளவு? ஜப்பானின் கனாசாவா நகரில் பொய்ப்பல் செய்து பிழைத்த முரோய் கிசபுரோவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டதுபோல் அவர் மனைவி தொமியேவுக்குத் தோன்றும்.

முரோயிடம் பதினொரு நெட்சுகே இருந்தன. முன்பெல்லாம் கிமோனோவின் இடுப்புக் கச்சையில் புகையிலைப் பையைத் தொங்கவிடும் கயிற்றின் முனையில் கோத்த, கட்டைவிரல் அளவுச் சிற்பங்கள். அவற்றில் பத்து, அலமாரியில் இருந்தன. கிணற்று வாளியின் மேல் ஊரும் நத்தை மட்டும் இருபத்தாறு வருடமாக அவர் சட்டைப்பையில். பல் அச்சு இறுகும்வரை அதை விரலில் உருட்டிக்கொண்டிருப்பார். கண்ணைக் கட்டி நூறு நத்தைகளுக்கு நடுவே விட்டாலும் எடுத்துவிடுவேன் என்பார். பெருமை பேசுகிறவர் அல்ல. இந்த ஒன்றில் மட்டும் பேசுவார்.

மாதம் ஒருமுறை தேயிலைக் கடையின் பின்னறையில் சேகரிப்பாளர்கள் ஆறு பேர் கூடுவார்கள். எந்தச் சிற்பத்தையும் முதலில் கண்ணை மூடிக் கையில் வாங்க வேண்டும், பிறகே பார்க்கலாம் என்பது அங்கே வழக்கம். அந்த ஏப்ரலில் மோச்சி என்னும் அரிசிப் பலகாரம் விற்கும் கடைக்காரர் ஒபாதா புதிதாக வாங்கிய ஒன்றைக் கொண்டுவந்தார். அதே நத்தை, அதே வாளி, அதே மழுங்கல். பழைய செதுக்குக்காரர்கள் விலைபோன உருவத்தைத் திரும்பத் திரும்பச் செய்தவர்கள்தானே. முரோய் மகிழ்ந்துபோய்த் தன்னுடையதையும் கொடுத்தார். இரண்டும் ஆறு பேர் கைகளைச் சுற்றித் தட்டுக்குத் திரும்பின.

முரோய் ஒன்றை எடுத்தார். வைத்தார். மற்றதை எடுத்தார்.

"எனக்கு எதுவானாலும் சரிதான், முரோய் சான்," என்றார் ஒபாதா. "என்கிட்ட வந்தே ஒரு வாரம்தான் ஆகுது. நூறுல எடுப்பேன்னீங்களே, இங்க ரெண்டுதான கிடக்கு."

அடுத்த கூட்டம்வரை இரண்டையும் கேட்டு வாங்கி வந்தார். இடது பையில் ஒன்று, வலது பையில் ஒன்று. காலையில் இதுதான் என்பார், சாப்பாட்டு நேரத்துக்குள் மாறிவிடுவார். ஈரக் கையால், கையுறையோடு, படுத்துக்கொண்டு என்று எல்லா விதமாகவும் தொட்டுப் பார்த்தார். ஒரு கிழவியின் கீழ்வரிசைப் பல் உயரம் கூடிப்போய்த் திரும்பி வந்தது. அவர் வேலை அதற்குமுன் அப்படித் திரும்பியதில்லை.

"வாயில போட்டுப் பாருங்க, அதுதான பாக்கி," என்றாள் தொமியே. அவர் உண்மையாகவே யோசிப்பதைக் கண்டதும் அவளுக்குச் சிரிப்பு போய்விட்டது. நத்தை தொலைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். இவரோ தன் கையையே நம்பாமல் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் வாரம் அவளுக்கு ஒன்று தோன்றியது.

"பட்டறையில பல்லுக்கு மெழுகு பிடிச்ச கையோடதான இத உருட்டுவீங்க? கயிறு போற துளைக்குள்ள பாருங்க. உங்களோடதுல மெழுகு இருக்கும். ஒபாதா மோச்சியில மெழுகா போடுறாரு?"

 அவர் லென்சையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனார். முதல் நத்தையின் துளையிலிருந்து அழுக்கு மட்டும் வந்தது. இரண்டாவதிலிருந்து, வெள்ளைத் தாளின் மேல், அரிசிக் குருணை அளவில் இளஞ்சிவப்பு மெழுகு விழுந்தது. தொமியே பெருமூச்சு விட்டாள். அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று பார்த்தாள். அது நிம்மதிதானா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

துளையில் மிச்சமிருந்த மெழுகையும் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். தாளை மடித்து அடுப்பில் போட்டார். ஒபாதா தன் நத்தையைச் சுற்றிக் கொடுத்திருந்த ஊதாத் துணியை விரித்து, மெழுகு வந்த நத்தையை அதில் வைத்து முடிச்சிட்டார்.

"அது உங்களோடது," என்றாள் அவள்.

"தெரியும்," என்றார். "மெழுகு சொல்லிடுச்சு. என் கை சொல்லலையே."

கூட்டத்தில் அந்த முடிச்சை ஒபாதாவிடம் இரு கையாலும் கொடுத்தார்.