காபரேட்டரில் ஒரு சிவப்புப் பொட்டு

“சாட்சி இலக்கம் நான்கு: மோகனராஜ், வயது ஐம்பத்து மூன்று, சுயதொழில். சம்பவத்துடன் எவ்விதத் தொடர்பும் அற்றவர்.”

பொலிஸ் புத்தகத்தில் அவரைப் பற்றி இவ்வளவுதான் இருக்கிறது. வயது சரி, தொழிலும் சரி. மிச்சம்தான் இடிக்கிறது. தொடர்பு அற்ற ஒருவர் யாரும் கூப்பிடாமலே கராஜைப் பூட்டிவிட்டு, கல்யாணத்துக்குப் போகிற சட்டையை மாட்டிக்கொண்டு போய்ப் பொலிஸ் வாங்கில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதில்லை.

அவர் சொல்லப் போனது காபரேட்டரைப் பற்றி. சார்ஜன்ட் நல்ல மனிதர். எந்தப் பிரிவில் இதைப் பதிவது என்று மெய்யாகவே தேடிப் பார்த்தார். அதிக வேகத்துக்கு ஒரு பிரிவு இருந்தது, குடிபோதைக்கு ஒன்று இருந்தது. பித்தளைத் துண்டு ஒன்றின் துளை போதவில்லை என்பதற்கு எதுவும் இல்லை. ஆகவே மோகனராஜைத் தொடர்பு அற்றவராக எழுதி, கையொப்பம் வாங்கி அனுப்பிவிட்டார்.

கண்டியில், ஹந்தானை மலையேறும் வீதியின் அடியில் இருக்கிறது மோகனராஜின் கராஜ். எல்லோரும் ‘மோகன் பாஸ்’ என்பார்கள். ஆனால் அவருக்குக் கீழே வேலை செய்ய ஒருவரும் இல்லை. அவரைத் தேடி வருகிறவர்கள், ஜப்பான்காரன் வருஷக்கணக்காக மூளையைக் கசக்கி அடக்கிய சத்தத்தைத் திரும்ப எழுப்ப விரும்பும் மோட்டார் சைக்கிள் இளைஞர்கள். காற்றுப் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூம்பு வடிகட்டி மாட்டுவார்கள். சைலன்சர் இருந்த இடத்தில் வயிறு புடைத்த குழாய் ஒன்று வரும். பிறகு, வண்டி இழுக்கவில்லை என்று வருவார்கள். மூச்சு கூடினால் தீனியும் கூட வேண்டும் என்பதுதான் மோகனராஜின் சாஸ்திரம். காபரேட்டருக்குள் ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு உண்டு. அதன் துளை வழியாகத்தான் பெட்ரோல் ஏறும். எண் பெரிதானால் துளை பெரிது. துளை சிறிதாகிவிட்டால் இஞ்சின் காய்ந்து, பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகும். பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும்.

சரியான ஜெட்டைக் கண்டுபிடிக்க மோகனராஜுக்கு மீட்டர் எதுவும் கிடையாது. வண்டியை ஹந்தானைக்கு ஏற்றுவார், உச்சியில் நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் குறைவு. பால் தேத்தண்ணி நிறமென்றால் சரி. கண்டியில் எல்லா மெக்கானிக் பாஸ்மாரும் இப்படித்தான். கையெட்டும் தூரத்தில் மலை இருக்கும்போது வேறெங்கே போவது? வேலை முடிந்ததும் மனைவி சுதர்சினியின் சிவப்புக் கியூடெக்ஸை எடுத்து, காபரேட்டர் மூடியின் ஒவ்வொரு ஆணி மேலும் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு உடையாமலிருந்தால் உள்ளே இருப்பது அவர் வேலை. உடைந்திருந்தால் வேறு எவனோ கை வைத்திருக்கிறான், அதற்கு அவர் பொறுப்பில்லை. பழியிலிருந்து தப்பிக்கக் கண்டுபிடித்த வழி அது.

தினுஷன் ஒரு மருந்துக் கம்பனியின் பிரதிநிதி, வயது இருபத்தாறு. போன ஆகஸ்டில், கூம்பும் குழாயும் மாட்டிய பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியோடு வந்தான். நூற்றைம்பது ஜெட் தேவைப்பட்டது. மோகனராஜிடம் இருந்ததில் பெரியது நூற்று நாற்பது. அதைப் போட்டு ஹந்தானைக்கு ஏற்றினார். மேலே காற்று மெலிவு, குளிர் வேறு. பிளக் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது.

“இப்போதைக்குச் சரி. ஆனா இன்னும் ஒரு அளவு பெருசு போடணும்,” என்றார். “கொழும்புலருந்து வெள்ளிக்கிழம வருது. வந்து மாத்திட்டுப் போ.”

“அதுவரைக்கும் ஓட்டலாமா பாஸ்?”

“அதான் ஓடுதே.”

வியாழக்கிழமை தினுஷன் மஹியங்கனை வீதியின் பதினெட்டு மலை வளைவுகளையும் இறங்கிச் சமவெளிக்குப் போனான். கீழே காற்று கனம், வெயில், நேரான வீதி. மலையேற்றத்தில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் யாரும் முழு ஆக்ஸிலேட்டரில் போக முடியாது. சமவெளியில் எவ்வளவு நேரமும் போகலாம். பின்சக்கரம் இறுகிய தடம் தாரில் நாற்பது அடிக்கு இருந்ததாம். பொலிஸ் ‘அதிக வேகமும் கவனயீனமும்’ என்று எழுதியது. நூற்றைம்பது ஜெட் சொன்னபடி வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. மோகனராஜ் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே செத்த வீட்டுக்குப் போனார். பொலிஸ் வாங்கில் போய் உட்கார்ந்தது அதற்கு அடுத்த கிழமை.

மோதி நசுங்கிய வண்டியைப் பொலிஸ் விட்டபோது, தினுஷனின் தாய் ஞானேஸ்வரி அது தன் வீட்டுக்கு வரவே கூடாது என்றார். அது கராஜின் மூலைக்கு வந்தது. மோகனராஜ் நீலப் படங்கு ஒன்றால் அதை மூடினார். குனிந்து பார்த்தால் பொட்டுகள் தெரியும். அவர் குனியவில்லை.

சத்தம் அதன் பிறகுதான் தொடங்கியது. மாலை ஆறே கால், தோட்டத்து பஸ் இறங்கிப் போன பின். பேய்களில் இதை எழுதும் எனக்கு நம்பிக்கை இல்லை, மோகனராஜுக்கும் இல்லை. ஆனால் நேரத்தை இரண்டு பேரும் சரியாகச் சொல்லுவோம். ஹந்தானையில் ஒரு டூ ஸ்ட்ரோக் முழு ஆக்ஸிலேட்டரில் வரும். மற்றவர்களின் பேய்கள் கொலுசு போடும், பூ வாசம் வீசும். மோகனராஜின் பேய்க்குப் பெட்ரோல் போதவில்லை. கணீரென்று வறண்ட சத்தம். ஈரமே இல்லாத சத்தம். வளைவுக்கு அருகில் வரும்போது அது குறையாது, அப்படியே அறுந்துவிடும்.

பக்கத்தில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் லாபிர், மரியாதைக்காகத் தனக்கும் கேட்பதாகச் சொல்லி வைத்தார்.

“எப்படிக் கேக்குது நானா?”

“எப்படியா? டுப்பு டுப்புன்னு…”

“அது ஃபோர் ஸ்ட்ரோக்!” மோகனராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. “தெரியாட்டி சும்மா இருங்க.”

“சரி பாஸ், பொய்தான். தேசிக்காய் வெட்டியாச்சு, எங்கட பள்ளியில ஓதின தண்ணியும் தெளிச்சாச்சு. நீங்க தொறக்காதது அந்தக் காபரேட்டர் ஒண்டுதான். வெசயம் அதுக்குள்ளதான் ஈக்கி.”

அப்போதும் அவர் திறக்கவில்லை.

டிசம்பரில் ஞானேஸ்வரியே வந்தார், வண்டியை இரும்புக்குப் போட்டுவிடச் சொல்ல. கதிரையில் உட்காரவில்லை. படங்கைப் பார்க்காமல் பேசினார்.

“வேகமாப் போகாதடான்னு எத்தன தடவ சொன்னேன் தம்பி. கேட்டானா? ஊரெல்லாம் வேகத்துல செத்தான்னுதான் பேசுது. அவன் படத்த நான் இன்னும் மாட்டல. அலுமாரிக்குள்ளதான் கெடக்கு. செத்த புள்ள மேல கோவப்படுற தாய பாத்திருக்கீங்களா?”

அந்த அம்மா போய் வெகு நேரம் வரை மோகனராஜ் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை.

அன்று பின்னேரம் படங்கை விலக்கிக் குனிந்தார். முப்பது வருஷத் தொழிலில், தன் வேலையில் இன்னொருவன் கை வைத்திருக்க வேண்டுமே என்று அவர் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. நான்கு ஆணிகளிலும் சிவப்புப் பொட்டு முழுசாக இருந்தது. மண் கூடச் சரியாக ஒட்டவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிளக் சுண்ணாம்பு வெள்ளை. பிஸ்டன் உரசி உருகி, சிலிண்டரோடு ஒட்டிக் கிடந்தது. காபரேட்டருக்குள் நூற்று நாற்பது.

சுதர்சினி வாசலில் நின்று பார்த்தாள். “பொலிஸே உங்களுக்குத் தொடர்பு இல்லன்னு எழுதிடுச்சு. நீங்க போயிச் சொன்னா அந்த அம்மா உங்கள சும்மா விடுமா?”

“விடாது.”

“பொறகென்ன?”

“கல்யாணச் சட்டைய எடு.”

அம்பிட்டியப் பக்கம் ஞானேஸ்வரியின் வீடு. மேசையில் பழைய துணியை விரித்து, பிளக்கையும் பிஸ்டனையும் ஜெட்டையும் வைத்தார். அவருக்கு விளக்கத் தெரிந்த அளவுக்கு விளக்கினார். சார்ஜன்டுக்குச் சொன்னதை விடச் சுருக்கமாக. அந்த அம்மா ஜெட்டை விரல் நுனியில் எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, துளையை வெகு நேரம் பார்த்தார்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதாங்கம்மா.”

“அவன் கேட்டானா உங்ககிட்ட, ஓட்டலாமான்னு?”

“கேட்டான்.”

“எழும்பிப் போங்க,” என்றார் ஞானேஸ்வரி. மோகனராஜ் வாசலில் செருப்பு மாட்டும்போது, உள்ளே அலுமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் ஆறே காலுக்கு லாபிர், கடையை விட்டு வந்து, “வந்திச்சா?” என்று கேட்டார். “வந்துச்சு,” என்றார் மோகனராஜ்.

பொலிஸ் புத்தகத்தில் அந்த வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மோகனராஜ் ஓர் அளவு சிறிய ஜெட்டைப் போட்டார், ஓட்டலாம் என்கிற மாதிரி ஒரு பதில் சொன்னார், பிறகு அதைத் தாயிடம் போய்ச் சொன்னார்.